ஒரு முழத்துக்குச் சற்றே கூட

மோல்மேனிலிருந்து ராத்திரி பஸ்.
பூமயில் மடியில் மூன்று நாள் பிள்ளை.
என் மடியில் ஒரு பை துணி, ஆறு ஆப்பிள்.
யாருக்கென்று எடுத்தேனோ தெரியவில்லை.
பழக்கடைக்காரன் வெறுங்கையோடு எங்கும் கிளம்புவதில்லை.

பிள்ளை கக்கியது பச்சை.
என் கடையில் இல்லாத ஒரு பச்சை.
மேல்வயிறு எழும்பிக் கீழ்வயிறு ஒட்டிக் கிடந்தது.
பிறந்ததிலிருந்து துணி நனைந்திருக்கிறது,
ஒருமுறையும் அழுக்காகவில்லை.
நல்ல சுத்தமான பிள்ளை என்று
முதல் நாள் நான்தான் சொன்னேன்.

ரங்கூன் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்
மணிக்கட்டுப் பட்டையில் பெயர் எழுதவில்லை.
‘மா பூமயில், குழந்தை’
என்று வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து.
கையெழுத்துப் போட்டது கார்டில் உள்ள கோ டின் லாட்.
விரல் நடுங்கியது தவசிலிங்கத்துக்கு.

டாக்டர் டோ கின் ஏ மூ
சம்மதத் தாளின் முதுகில் வரைந்து காட்டினார்.
இரைப்பைக்குக் கீழே கொஞ்ச தூரம் போன குடல்
முட்டி நிற்கிறது.
அப்புறம் வெற்றிடம்.
அதற்கும் அப்பால் மெலிந்த குடல் ஒன்று
ஒற்றை ரத்தக் குழாயைப் பற்றிக்கொண்டு
சுற்றிச் சுற்றி இறங்குகிறது.
‘தோல்’ என்றேன்.
‘அறுபடாமல் சீவிய ஆப்பிள் தோல்.’
பேனா நின்றது.
‘எங்கள் புத்தகத்திலும் அதுதான் பெயர்.’
இருபது வருஷத்தில் இது ஐந்தாவது பிள்ளை என்றார்.
மற்ற நான்கும் எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான் சீவுவதைப் பார்க்கவே
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடை முன்னால் நிற்பார்கள்.
கத்தி லேசாய்ச் சாய்ந்தால் தோல் அறும்.
ஓ என்று கத்துவார்கள்,
நான் அடுத்த பழத்தை எடுப்பேன்.

ஐந்து மணி நேரம்.
நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமியது.
மேல் முனை வாழைப்பழத் தடிமன்,
கீழ் முனை மோஹிங்கா இழை.
பானை வாயோடு ஊசிக் காதை வைத்துத் தைப்பது போல
அதையும் இதையும் தைத்திருக்கிறார்கள்.
உயிரில்லாததை வெட்டியது போக
மிச்சம் நாற்பத்தேழு சென்டிமீட்டர்.

வராந்தாவில் அளந்து பார்த்தேன்.
முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி,
அதற்கு மேல் இரண்டு விரல்.
பூமயில் தலைக்கு மல்லிகை வாங்கும் அளவு.
அதற்குள்தான் இனி
இவன் சாப்பிடப் போகும் அத்தனை சோறும் நடக்கவேண்டும்.

பிள்ளைக்கு வாயில் ஒன்றும் கூடாது.
மூன்று மணிக்கொரு தரம் பூமயில்
பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள்,
குழாயைத் திறந்துவிட்டு,
வேறெங்கோ பார்த்தபடி.

தினமும் காலையில் டாக்டர் வருவார்.
வயிற்றில் காது வைப்பது போலக் குழலை வைப்பார்.
பிறகு ஒரே கேள்வி:
‘ச்சீ பாபிலா?’
வெளிக்குப் போனானா என்று அர்த்தம்.
நம் மொழியில் மூக்கைப் பிடிக்கும் வார்த்தை
அவர்களுக்கு அந்தப் பொருளின் பெயர்.
கன்னத்தில் தனக்கா பூசிய நர்ஸ் கேட்பாள்.
பக்கத்துக் கட்டில் கரேன்காரர் கேட்பார்.
கூட்டுகிறவள் விளக்குமாற்றை நிறுத்திக் கேட்பாள்.
மபாபூ, மபாபூ
என்று பத்து நாள் தலையாட்டினேன்.

பதினோராம் நாள் விடிகாலை
பூமயில் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் நின்றாள்.
அதன் நடுவில், மொச்சைக்கொட்டை அளவு,
கருமையா பச்சையா சொல்ல முடியாத ஒரு பிசுக்கு.
வாங்கிக்கொண்டு ஓடினேன்.
‘ச்சீ! ச்சீ!’ என்று நான் கத்தக் கத்த
வார்டே எழுந்து உட்கார்ந்தது.
கரேன்காரர் எட்டிப் பார்த்து,
தங்கம் நிறுப்பவர் போலத் தலையசைத்தார்.
ஆப்பிள் ஞாபகம் அப்போதுதான் வந்தது.
மூன்று அழுகியிருந்தது.
மிச்சத்தைத் துண்டு துண்டாய் நறுக்கிக் கொடுத்தேன்,
தோலோடு.

இப்போது அவனுக்கு வயது இரண்டு.
இன்னும் மெலிவுதான்.
மாதம் ஒருமுறை ஊசி,
எடை பார்க்க அதே ராத்திரி பஸ்.
தின்றது பாதி நேரம் தண்ணீராய்ப் போகிறது.
மூத்தவள் சிவகாமி மூக்கைப் பொத்திக்கொண்டு
‘அம்மா, தம்பி மறுபடியும்... ச்சீ!’ என்கிறாள்.

அடுப்படியிலிருந்து பூமயில்
கை ஈரத்தோடு வந்து,
என்ன சொன்னே,
இன்னொரு தரம் சொல்லு என்கிறாள்.